சூரனுக்கு முருகன் வைத்த பெயர்

ஓம் சரவணபவ. 

சஷ்டி முடிஞ்சு ஒரு வாரம் ஆயிடுச்சு. குரூப்ல எல்லாரும் சூரசம்ஹார வீடியோ, திருக்கல்யாண போட்டோ எல்லாம் போட்டு முடிச்சுட்டீங்க. நான் கொஞ்சம் தாமதமா வர்றேன். இந்த முறை சூரனைப் பற்றி எழுதலாம்னு இருக்கேன். சூரன் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கிட்டான், முருகப்பெருமானைப் பற்றி என்ன சொன்னான், அதைத்தான் முக்கியமா. நடுவில் என் கதையும் வரும். அது பெருமைப்படுகிற கதை இல்லை.

ஐ.டி.யில் இருக்கிற அடியார்களுக்கு அப்ரைசல்னா என்னன்னு தெரியும். மற்றவங்களுக்காக சொல்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு படிவம் வரும். அதில் இரண்டு பாகம். முதல் பாகத்தில் நம்மைப் பற்றி நாமே எழுதணும்: இந்த வருஷம் என்ன சாதிச்சோம், எங்கே பொறுப்பு எடுத்தோம். இரண்டாவது பாகத்தில் கூட வேலை பார்க்கிறவங்களைப் பற்றி எழுதணும். போன வருஷம் என்னைப் பற்றி எழுத எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு. ஒவ்வொரு வார்த்தையையும் நகை எடை போடுற மாதிரி போட்டு எழுதினேன். எங்க டீமில் டெஸ்டிங் பார்த்த ஒரு அண்ணனைப் பற்றி எழுத மூணு நிமிஷம்தான் ஆச்சு. "மற்றவர்கள் வேலையைத் தடுப்பதே இவர் வேலை" என்கிற அர்த்தம் வர்ற மாதிரி, நல்ல மரியாதையான இங்கிலீஷில் நாலு வரி.

ஏன் அப்படி எழுதினேன்? புரட்டாசி மாசம் ஒரு ரிலீஸ். நான் எழுதின கோடை அவர் மூணு தடவை திருப்பி அனுப்பினார். பணம் கட்டுற பக்கத்தில் நெட் நடுவில் போய்ட்டு திரும்ப வந்தா ரெண்டு தடவை பணம் போக வாய்ப்பு இருக்குன்னு ஒரு டிக்கெட் போட்டார். என் மெஷினில் நான் முயற்சி பண்ணினப்ப அப்படி வரவே இல்லை. "இது பிழை இல்லை"ன்னு போட்டு டிக்கெட்டை மூடிட்டேன். மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் அவர் அதை எடுத்தார். எனக்கு மூஞ்சி சிவந்து போச்சு. அன்னைக்கு ராத்திரி போனில் அவர் பெயரை மாத்தினேன். அதுவரைக்கும் பெயரோடு அண்ணன்னு சேர்த்து வச்சிருந்தேன். அதை அழிச்சுட்டு "டெஸ்டிங் தொல்லை"ன்னு போட்டேன்.

அடுத்து வந்தது ஐப்பசி சஷ்டி. ஆறு நாளும் விரதம் இருந்தேன். காலையில் கவசம் சொல்லுவேன். பகைவரெல்லாம் வந்து வணங்குவாங்கன்னு வர்ற இடம் உங்களுக்கு தெரியும். அந்த இடம் வந்தா எனக்கு அந்த அண்ணன் முகம் வரும். வெட்கமா இருக்கு, ஆனா உண்மை அதுதான். ஆறாம் நாள் சூரசம்ஹார வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டு, கீழே "ஆணவம் அழியும்"னு எழுதினேன். யாருடைய ஆணவம்னு எனக்கு மட்டும் தெரியும். இந்த மாதிரி ஸ்டேட்டஸ் நம்ம ஆட்களே நிறைய போடுறோம். ஒருத்தருக்கு பக்கத்து வீட்டுக்காரர் சூரன், ஒருத்தருக்கு சித்தப்பா சூரன், ஒருத்தருக்கு மாமியார். திருச்செந்தூர் கடற்கரையில் அத்தனை லட்சம் பேர் நிற்கிறாங்களே, அதில் "நான்தான் சூரன்"னு நினைச்சு நிற்கிறவர் எத்தனை பேர் இருப்பாங்க?

சரி, கந்தபுராணத்துக்கு வருவோம்.

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடினது, 10,345 பாட்டு. அதில் மகேந்திர காண்டத்தில் வீரபாகு தேவர் தூது போவார். போருக்கு முன்னாடி முருகன் ஆள் அனுப்புறார், அதைக் கவனிக்கணும். சிறையில் வைத்திருக்கிற இந்திரன் மகன் ஜயந்தனையும் தேவர்களையும் விட்டுடு, நெறியோடு வாழ், இல்லைன்னா போர். செய்தி அவ்வளவுதான். சபையில் வீரபாகுவுக்கு உட்கார இடம் கொடுக்கலை. முருகன் அருளால் ஒரு சிங்காதனமே அங்கே வந்து நிற்குது, அதில் ஏறி சமமா உட்கார்ந்து பேசுறார்.

அதுக்கு சூரன் சொல்ற பதில்தான் நமக்கு வேணும். அவன் தன்னைப் பற்றி சொல்றது எதுவும் பொய் இல்லைங்க. கடுமையா தவம் இருந்தவன். வேள்வித் தீயில் தன்னையே போட்டவன். சிவபெருமான் கையால் வரம் வாங்கினவன். 1,008 அண்டங்களை 108 யுகம் ஆளுறவன். எல்லாம் நடந்ததுதான், எல்லாம் உழைச்சு வாங்கினதுதான். தேவர்களை ஏன் சிறை வச்சேன்னும் காரணம் சொல்லுவான்: எங்க குலத்தை அவங்க வாட்டினாங்க, அதுக்கு இது. அதிலும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரியும். தேவர்களும் காசியபர் பிள்ளைகள், சூரனும் காசியபர் பிள்ளை. தாய்தான் வேற. இது அடிப்படையில் பங்காளிச் சண்டை. பங்காளிச் சண்டையில் ரெண்டு பக்கமும் ஒரு பழைய கணக்கு நோட்டு இருக்கும். எங்க ஊரில் ஒரு வரப்புக்காக இருபது வருஷம் பேசாத ரெண்டு குடும்பத்தை எனக்கு தெரியும். ரெண்டு வீட்டு நோட்டும் அவங்கவங்க வரைக்கும் சரியாத்தான் இருக்கும்.

சூரன் சொன்ன பட்டியலில் விட்டுப்போனது ஒண்ணே ஒண்ணு. கொடுத்தவர் யாருங்கிறது. வரம் கொடுத்தவரே, "எம் சக்தியைத் தவிர வேற எதாலும் உனக்கு அழிவில்லை"ன்னு சொல்லித்தான் கொடுத்திருந்தார். அந்த சக்திதான் இப்போ தூது அனுப்பியிருக்கு. அவன் அந்த வரியை மட்டும் படிக்காம விட்டுட்டான்.

இப்போ முருகனைப் பற்றி அவன் சொன்னது. பாலன். சின்னப் பையன். பால் வாய் மாறாத குழந்தை எனக்கு புத்தி சொல்லி அனுப்புதான்னு சிரிக்கிறான். நான் இந்த இடத்தில் நின்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். ஏன்னா, இதுவும் பொய் இல்லை! நாமளும் அவரை பால முருகன்னுதானே சொல்றோம். பகழிக்கூத்தர் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் பாடினார், குமரகுருபரர் வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். தொட்டில் கட்டி, சப்பாணி கொட்டச் சொல்லி, அவரைக் குழந்தையாவே வச்சுப் பாடினாங்க. அதே குழந்தைங்கிற சொல் ஒருத்தர் வாயில் கும்பிடு, இன்னொருத்தன் வாயில் ஏளனம். இதை இந்த சஷ்டி வரைக்கும் நான் யோசிச்சதே இல்லை. எதிரியைப் பற்றிப் பொய் சொன்னாத்தான் பாவம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் எழுதின நாலு வரியிலும் பொய் இல்லையே. அவர் என் வேலையைத் தடுத்தார்தான். மூணு தடவை தடுத்தார்தான்.

இன்னொரு விஷயம். சூரன் "சின்னப் பையன்"னு சொல்ற நேரத்தில் அவன் தம்பி தாரகன் ஏற்கெனவே செத்துட்டான். கிரவுஞ்ச மலை பிளந்தாச்சு. தாரகன் மகன் அசுரேந்திரன் அழுதுக்கிட்டே ஓடி வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான். எங்க பாஷையில் சொன்னா லாக் எல்லாம் கண் முன்னாடி இருக்கு. அதுக்கு அப்புறமும் பையன்தான்! ஒருத்தருக்கு நாம ஒரு பெயர் வச்சுட்டா, அதுக்கு அப்புறம் அவர் என்ன செஞ்சாலும் அந்தப் பெயர் வழியாத்தான் தெரியும்.

சிங்கமுகன் கதை இதை விடக் கஷ்டம். கூடப் பிறந்த தம்பி. "அண்ணா, அவர் பரம்பொருள். தேவர்களை விட்டுடு, நாம எல்லாம் பிழைச்சுக்கலாம்"னு சொல்றான். மகன் இரணியனும் பிறகு இதே மாதிரி சொல்லிப் பார்க்கிறான். ரெண்டு பேருக்கும் கிடைச்சது திட்டு. கோழை, பகைவனைப் புகழ்றவன். எதிரிக்குப் பெயர் வச்ச வாய், நல்லது சொன்ன சொந்தத் தம்பிக்கும் பெயர் வச்சுடுச்சு. சிங்கமுகன் அதுக்கு அப்புறமும் அண்ணனை விட்டுப் போகலை. இவன் தோற்பான்னு தெரிஞ்சே போர்க்களத்துக்குப் போய் உயிரைக் கொடுத்தான். சூரனுக்கு இருந்த ஒரே டெஸ்டர் அவன்தான்னு எனக்குத் தோணும். சிரிக்காதீங்க, நான் உண்மையாத்தான் சொல்றேன்.

இதுக்கு நேர் எதிரா அந்தப் புராணம் அரங்கேறின கதையைப் பாருங்க. கச்சியப்பர் தினம் நூறு பாட்டு எழுதி ராத்திரி சந்நிதியில் வச்சுட்டு வருவாராம். காலையில் பார்த்தா முருகனே திருத்தி வச்சிருப்பாராம். அரங்கேற்றத்தில் முதல் பாட்டிலேயே ஒரு புலவர் எழுந்து, இந்தச் சொல் புணர்ச்சிக்கு இலக்கணம் இல்லைன்னு சொல்லிட்டார். சபை அப்படியே நின்னு போச்சு. மறுநாள் வீரசோழியத்தை எடுத்துக்கிட்டு ஒருத்தர் வந்து இலக்கணம் காட்டினார், வந்தது முருகன்தான்னு சொல்றாங்க. அந்தக் கதையில் கேள்வி கேட்ட புலவரை யாரும் வேலால் குத்தலை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

இப்போ என் கதையின் மிச்சம். நான் எழுதினது மட்டும் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அந்த அண்ணனுக்கு அந்த வருஷம் மோசமான ரேட்டிங் வந்தது. மேம்பாட்டுத் திட்டம்னு அழகா ஒரு பெயர் வச்சு மூணு மாசம் கெடு கொடுத்தாங்க. சித்திரையில் அவரே பேப்பர் போட்டுட்டுப் போய்ட்டார். ரெண்டு சின்னப் பிள்ளைங்க அவருக்கு. போற அன்னைக்கு என் சீட்டுக்கு வந்து, "வர்றேன் தம்பி"ன்னு கை கொடுத்தார். நான் ஹெட்போனைக் கூட முழுசா கழட்டலை.

வைகாசி கடைசியில் ஒரு நாள் காலையில் கஸ்டமர்கிட்ட இருந்து புகார் மேல புகார். பணம் ரெண்டு தடவை போயிருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து தேடினேன். கடைசியில் எங்கே வந்து நின்னேன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவர் போட்ட பழைய டிக்கெட். எந்த நேரத்தில் நெட்டை நிறுத்தணும், எத்தனை செகண்ட் கழிச்சு விடணும், எல்லாம் வரிசையா எழுதியிருந்தார். கடைசியில், "முடிந்தால் ஒரு முறை சேர்ந்து பார்க்கலாம்"னு ஒரு வரி. அதுக்குக் கீழே என் பதில்: பிழை இல்லை, மூடப்பட்டது.

சூரனுக்கு முருகன் விசுவரூபம் காட்டின இடத்தை நான் அப்போதான் உண்மையா புரிஞ்சுக்கிட்டேன். போரின் நடுவில் பெருமான் தன் பெரிய வடிவத்தைக் காட்டுறார். சூரன் அப்படியே நின்னுடுறான். இவரையா பாலன்னு நினைச்சேன்னு அவன் வாயாலேயே சொல்றான். சுற்றி வரணும், தொழணும், தலையால் வணங்கணும்னு ஆசை வருது. ஆனா மானம் தடுக்குது. அவர் அந்த வடிவத்தை மறைச்ச உடனே பழைய கோபம் திரும்ப வந்துடுது. நம்மில் பலர் அவன் உண்மையைப் பார்க்கவே இல்லைன்னு நினைக்கிறோம். பார்த்தான். ஒரு சில நிமிஷம் ரொம்பத் தெளிவாப் பார்த்தான்.

நானும் அந்த ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்தேன். போனை எடுத்து "அண்ணா"ன்னு டைப் பண்ணினேன். மேலே "டெஸ்டிங் தொல்லை"ன்னு பெயர் நின்னுது. அழிச்சுட்டுப் படுத்துட்டேன். மறுநாள் ரிப்போர்ட்டில், "அரிதாக நிகழும் சூழல், முன்கூட்டியே கண்டறிவது கடினம்"னு எழுதிக் கொடுத்தேன். முன்கூட்டியே கண்டுபிடிச்சவர் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அந்தப் பிழையைச் சரி பண்ணினதுக்கு எனக்குப் பாராட்டு மெயில் வந்தது.

இந்த வருஷ அப்ரைசலுக்கு என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தப்போ கை ஓடலை.

இந்த இடத்தில் அருணகிரிநாதர் சுவாமிகளை நினைக்காம இருக்க முடியாது. திருப்புகழ் படிக்கிறவங்களுக்குத் தெரியும், தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கிற சொற்கள் எவ்வளவு கடுமையானவைன்னு. வீணன், மூடன், பாவின்னு நம்மை யாராவது சொன்னா நாம அடிக்கப் போயிடுவோம். அவர் தன்னைத்தானே சொல்லிக்கிறார். வில்லிபுத்தூராரோட அவருக்கு நடந்த வாதம் வழிவழியா சொல்ற கதை. பாரதம் பாடின வில்லிபுத்தூரார், தோற்கிற புலவர் காதை அறுத்துடுவாராம். அருணகிரியார் கந்தரந்தாதி பாட, இவர் உடனுக்குடன் உரை சொல்லிக்கிட்டே வர்றார். 54ஆம் பாட்டு முழுக்க தகர வரிசையிலேயே வருது. அதில் மாட்டிக்கிட்டார். இப்போ கத்தி அருணகிரியார் கையில். அவர் காதை அறுக்கலை. இனிமே யார் காதையும் அறுக்காதீங்கன்னு சொல்லி விட்டுட்டார். கருணைக்கு அருணகிரின்னு சொல்றது இதனால்தான். தன்னை மோசமா சொல்லிக்கிட்டவரால் எதிரியை மோசமா சொல்ல முடியலைன்னு நான் எடுத்துக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். "நான் ஒரு பாவி முருகா"ன்னு ஸ்டேட்டஸ் போட்டு எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எண்ணுறதும் ஆணவம்தான். இந்தப் பதிவை எழுதும்போதே எனக்கு அந்தப் பயம் இருக்கு. அதனால்தான், செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிச்ச பிறகுதான் எழுதணும்னு ஒரு வாரம் காத்திருந்தேன்.

இந்த சஷ்டிக்கு லீவு போட்டு கோவில்பட்டிக்குப் போய், அம்மாவைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸில் திருச்செந்தூர் போனேன். மதியத்திலிருந்தே மணலில் இடம் பிடிச்சு உட்கார்ந்தோம். சாயங்காலம் சுவாமி ஜெயந்திநாதர் கடற்கரைக்கு வந்தார். யானைமுகம் போச்சு, சிங்கமுகம் போச்சு. கடைசியா சூரன். "அரோகரா" சத்தம் கடல் சத்தத்தை அமுக்கிடுச்சு. எல்லாரும் கையைத் தூக்கிக் கத்துறாங்க. அம்மா மட்டும் சூரன் பக்கம் பார்த்து கை கூப்பினாங்க. "ஏம்மா, அது சூரன்மா"ன்னேன். "தெரியும்ப்பா. இப்ப மயிலாகப் போறான்ல, கும்பிட்டுக்கோ"ன்னாங்க.

அம்மா எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்காங்க.

சூரன் மாமரமா கடல் நடுவில் நிற்கிறான். வேல் ரெண்டா பிளக்குது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். அப்பவும் ரெண்டும் கோபமாத்தான் பாய்ஞ்சு வருதுன்னு புராணம் சொல்லுது. திருந்தி வரலை, அதைக் கவனிங்க. பெருமான் அருளோடு ஒரு பார்வை பார்க்கிறார். மயில் வாகனமாகுது, சேவல் கொடியாகுது. அதுக்கு அப்புறம் அவனைப் பகைவன்னு யார் சொல்றது? தன்னை எடுத்துக்காட்ட கொடி, தன்னைச் சுமக்க மயில். தன்னைச் சின்னப் பையன்னு சொன்னவனுக்கு முருகன் வச்ச பெயர் இது. இன்னைக்கு நாம பிரச்சினைன்னு வந்தா "வேலும் மயிலும் துணை"ன்னு சொல்றோம். அந்த வாக்கியத்தில் துணைக்குக் கூப்பிடுறது யாரை?

திரும்பி வர்ற பஸ்ஸில் அம்மா தூங்கிட்டாங்க. நான் போனை எடுத்தேன். முதல்ல அந்தப் பெயரை மாத்தினேன், பழையபடி பெயரும் அண்ணனும். கூப்பிட்டேன், எடுக்கலை. எழுதி அனுப்பினேன். டிக்கெட் நம்பர், தேதி, நான் அதை எப்படி மூடினேன், வைகாசியில் என்ன நடந்தது, அப்ரைசலில் அவரைப் பற்றி என்ன எழுதினேன், எல்லாம். முருகன் பெயரை அதில் இழுக்கலை. சாமி பெயரைச் சொல்லி மன்னிப்பு கேட்டா அவரால் முடியாதுன்னு சொல்ல முடியாதே. லீவு முடிஞ்சு போனதும் மேனேஜரிடமும் அந்த ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இப்ப எதுக்கு இதெல்லாம்"னு கேட்டார். பதில் சொல்லத் தெரியலை. பாராட்டு மெயிலில் இருந்தவங்க எல்லாருக்கும் திருத்தத்தை அனுப்பிட்டு வந்துட்டேன். போன வேலை அவருக்குத் திரும்ப வராது, அது எனக்குத் தெரியும்.

ரெண்டு நாள் வரைக்கும் ப்ளூ டிக் மட்டும்தான் இருந்தது. மூணாம் நாள் காலையில் பதில் வந்தது. மன்னிச்சேன்னும் இல்லை, மன்னிக்கலைன்னும் இல்லை.

"படிச்சேன் தம்பி. அந்த டிக்கெட்டை திரும்ப ஓப்பன் பண்ணிட்டீங்களா?"

பண்ணிட்டேன்னு எழுதினேன்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.